உருளைக்கிழங்கும் அதன் காட்டுச் சுற்றமும்

பட்டு நெசவிற் பெயர்பெற்ற ஆரணியில், பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அவ்விழையைத் தேடிப் பிணைப்பர். பயிர்களிலும் இவ்வாறு ஓரிழை குறைவுபடுதல் உண்டு.

நீலகிரியில் 1961-ஆம் ஆண்டு, உருளைக்கிழங்கின் வேரைப் பற்றி உண்ணும் நூற்புழு கண்டறியப்பட்டது. இறந்த தாய்ப்புழுவின் தடித்த தோலே கூடாக, அதனுள் முட்டைகள் பல்லாண்டு மண்ணிற் கிடக்கும். கிழங்குச் செடி வேர்விட்டதும் பொரிக்கும். ஆதலின் மருந்தால் இதனை முற்றும் ஒழித்தல் அரிது. அங்குப் பயிரிட்ட வகைகளோ இதற்கு எளிதில் இரையாயின.

அர்ஜென்டீனா மலைகளில் வளரும் சொலானம் வெர்னி என்னும் காட்டினத்தில் இப்புழுவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. அதன் வழிவந்த செடியொன்றைக் குஃப்ரி ஜோதி என்னும் வகையுடன் கலந்து பெற்ற குஃப்ரி ஸ்வர்ணா, 1985-இல் நீலகிரி உழவர்க்கென வெளியிடப்பட்டது.

இக்கலப்பு எளிதன்று. காட்டுச் செடி தன் நற்பண்போடு சிறு கிழங்கு, கசப்பு முதலிய குறைகளையும் உடன்கொணரும். ஒரு சேலையினின்று ஓரிழையை மட்டும் உருவுவது போன்றதே இவ்வேலை. நல்வகையுடன் மீண்டும் மீண்டும் கலந்து, பல தலைமுறை தெரிந்தெடுத்தல் வேண்டும். பயிரிடும் உருளையில் குரோமோசோம்கள் நான்கு தொகுதியாய், 48 எண்ணிக்கையில் அமைந்திருத்தலால் இத்தொல்லை இன்னும் மிகும்.

2011-இல் உருளைக்கிழங்கின் மரபணுத்தொகுதி படித்தறியப்பட்டது. இன்று வேண்டிய மரபணு உளதா என்பதை நாற்றின் இலையைக்கொண்டே அறியலாம்; கிழங்கு விளையும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

எனினும் படித்தறிதல் படைத்தலாகாது. காட்டினம் அழிந்தால் அவ்விழையை எத்தறியிலும் மீண்டும் நூற்க இயலாது. களையென நாம் இகழும் செடியும் நாளை நம் உணவைக் காக்கக்கூடும் என்பதை மாணவர் மறவாதிருத்தல் நன்று.