ஒரு சோறு பதமா?

குரோம்பேட்டையை அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-இல் அங்கு தோன்றிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். நம் ஊரில் மருத்துவக் கல்லூரியும் உண்டு. எனவே நம்மில் பலர் மருத்துவத் துறையில் பணிபுரிய விரும்புவது இயல்பே. அத்துறையின் ஒரு பிரிவு, பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம். அதைப் பயிலும் மாணவியர், தாம் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி அறிக்கை எழுதி, வகுப்பில் ஆசிரியர் முன் விளக்க வேண்டும். அவ்வறிக்கை எப்படி அமைய வேண்டும் என்று காண்போம்.

தோள்பட்டை இறுகிப்போன ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். "கையைத் தூக்க முடியவில்லை" என்று எழுதினால் போதாது. நம் ஜியோமெட்ரி பெட்டியிலுள்ள பாகைமானியைப் போன்ற, இரு நீண்ட கைகளுடைய கோணமானியால் அளந்து, "80 பாகை வரை உயர்கிறது" என்று எழுத வேண்டும். வலி தொடங்கிய காலம், சர்க்கரை நோய் உண்டா என்பது, கொடுத்த பயிற்சி, ஆறு வாரம் கழித்து எடுத்த அளவு ஆகிய யாவும் இடம்பெற வேண்டும். கொடியில் துணி உலர்த்தவும் தலை பின்னவும் அவரால் முடிகிறதா என்பதும் முக்கியம். அவருடைய சம்மதம் பெற வேண்டும், பெயரை வெளியிடலாகாது.

அவர் குணமடைந்தார் என வைத்துக்கொள்வோம். பயிற்சியால்தான் குணமடைந்தாரா? இந்நோய் பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே தணிவதுண்டு! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே உலை, ஒரே நெருப்பு என்பதால் அது சோற்றுக்குப் பொருந்தும். மனிதரோ ஒரே பானையில் வெந்தவர் அல்லர்.

ஆகவேதான் நோயாளிகள் பலரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடுகின்றனர். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இவ்வாறே ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்ற முடிவு 1959-இல் வெளியாயிற்று. பல நாடுகளில் காசநோயாளர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற அது வழி திறந்தது.

அப்படியானால் தனியொரு நோயாளியின் அறிக்கை வீணா? இல்லை. கேள்வி பிறப்பது அங்கேதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல் மடங்கிய கைகளைப் பொறுமையாகச் சோதித்தார். எந்தத் தசைகள் செயலிழந்தன, எவை நலமாயுள்ளன என்று கண்டறிந்தார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை 1948-இல் தொடங்கினார். அதன்பின் அவ்விரல்களைப் புதிதாய் இயக்கக் கற்பித்தது இயன்முறை மருத்துவமே.

குணமானவரைப் பற்றி மட்டும் எழுதி, குணமாகாதவரை விட்டுவிட்டால் அடுத்து வரும் நோயாளிக்கே தீங்கு. ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் ரெக்கார்டு நோட்டிலும், வரவேண்டிய அளவை அல்ல, வந்த அளவையே எழுதப் பழகுவோம். பின்னாளில் அப்பழக்கமே ஒரு நோயாளியைக் காக்கும்.