காரை மெருகேற்றுவதா, மாற்றுவதா?

கார் வாங்கி ஆறேழு ஆண்டுகள் கழிந்து, வங்கிக் கடனும் அடைந்து, வண்டி முழுவதுமாகச் சொந்தமான பிறகுதான் பெரும்பாலான உரிமையாளர்களுக்கு அதன்மீது அதிருப்தி தோன்றத் தொடங்குகிறது. மேட்டில் இழுவை போதவில்லை, பின் இருக்கையில் குலுங்குகிறது, இரவில் வெளிச்சம் பற்றவில்லை, எதிர்வீட்டில் நிற்கும் புதிய காரின் தொடுதிரை இதில் இல்லை என்று குறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. இருக்கிற வண்டியிலேயே ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ செலவிட்டு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மேல்ரகத்துக்கு மாறுவது மற்றொரு வழி. இவற்றில் எது இலாபம் என்ற பேச்சு உடனே பணக்கணக்கில் போய் நிற்பது வழக்கம் என்றாலும், அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பு, சொல்லப்படும் குறை தேய்மானத்தால் வந்ததா, பொருள் இல்லாமையால் வந்ததா, வண்டியின் கட்டமைப்பிலேயே இருப்பதா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

தேய்மானத்தால் வந்த குறையே மிகுதி என்பதும், அதையே பலரும் வண்டியின் தரக்குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள் என்பதும் எந்த மெக்கானிக்கும் அறிந்த செய்தி. குழியில் விழுந்து எழும் வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்களும், உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இடையில் தாங்கும் ‘புஷ்’ என்னும் ரப்பர் உருளைகளும், எஞ்சினின் அதிர்வை உடற்பகுதிக்கு ஏறவிடாமல் தடுக்கும் மவுன்ட்டுகளும் மெல்ல மெல்லத் தளர்வதால், ஓட்டுபவர் அந்த மாற்றத்தை உணர்வதே இல்லை. டயரிலும் இதே நிலைதான். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களுள் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், ‘2319’ என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவான டயர் என்று பொருள். பள்ளம் தேயாமல் பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும், இத்தனை ஆண்டு வெயிலில் இறுகிய ரப்பர் மழையில் சாலையைப் பற்றாது. இவற்றையெல்லாம் மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அந்த வண்டி உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரியும். இந்தச் செலவைச் செய்யாமல் புதுக்காரை ஓட்டிப் பார்ப்பவர், புதிய ரப்பரைப் பழைய ரப்பரோடு ஒப்பிட்டுவிட்டுக் காரோடு காரை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது வகைக் குறை, கடையில் வாங்கிப் பொருத்தத்தக்க பொருள்களைப் பற்றியது. தொடுதிரை, பின்புறக் கேமரா, சாலையைப் பதிவுசெய்யும் டேஷ்கேம், டயரின் காற்றழுத்தம் காட்டும் கருவி முதலியவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்காகக் காரை மாற்றுவது வீண்செலவு. வேண்டிய கவனமெல்லாம் வயரிங்கில்தான். கம்பெனி வயரை வெட்டி, உரித்து, முறுக்கி, டேப் சுற்றும் முறையைத் தவிர்த்து, அந்தந்த மாடலுக்கென்றே வரும் கப்ளர்களைப் பயன்படுத்தும் கடையை நாட வேண்டும். முகப்பு விளக்கில் இது மேலும் முக்கியம். சாதாரண ஹாலோஜன் பல்பு 60/55 வாட் திறன் கொண்டது. வெளிச்சம் கூட்டுவதற்காக 100/90 வாட் பல்பைப் போடும்போது, 12 வோல்ட் மின்சுற்றில் கீழ்நோக்கு விளக்கு இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ நாலரை ஆம்பியரிலிருந்து ஏழரை ஆம்பியருக்கு உயர்வதால், ரிலேயுடன் கூடிய தனி வயரிங் இல்லாவிட்டால் பழைய வயரும் சுவிட்சும் சூடேறி உருகுகின்றன. எல்.இ.டி. பல்புக்கு மின்சாரம் குறைவாகத் தேவைப்பட்டாலும், ஹாலோஜன் இழையின் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்த கண்ணாடிக்குழிக்குள் அது பொருத்தப்படும்போது ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது.

இளைஞர்கள் முதலில் கைவைப்பது அலாய் வீலில். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு சிறு கணக்குப் போதும். 185/65 ஆர்15 என்ற டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர் ஆகிறது. பதினாறு அங்குல அலாய் வேண்டுமென்றால் 195/55 ஆர்16 டயர் 620.9 மில்லிமீட்டர் விட்டத்துடன் கிட்டத்தட்ட அதே அளவில் அமர்ந்துவிடும். பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று 195/65 ஆர்16 டயரை மாட்டினால் விட்டம் சுமார் 660 மில்லிமீட்டராகி, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 106 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இழுவையும் அதே விகிதத்தில் குறையும். கணக்குச் சரியாக அமைந்தாலும் பக்கச்சுவர் குட்டையாவதால் குழியின் அடி நேராக உள்ளே ஏறும் என்பதையும், குலுக்கல் போகவேண்டும் என்று நினைப்பவருக்குப் பெரிய அலாய் நேர்மாறான பலனையே தரும் என்பதையும் கடைக்காரர் சொல்வதில்லை.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்குச் சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் ஆரம்பத்தில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் வேறுபடும்படியாக ஒரு வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. எரிபொருள் மாற்றம் இதற்கு முறையான விலக்காக அமைகிறது; அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. கருவியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட்டால் சட்டச்சிக்கல் இல்லை. ஆயினும் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்வதையும், அச்சிலிண்டரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டியிருப்பதையும், மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பொருத்திய செலவு எளிதில் திரும்பாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளைத் திருத்தி ஆற்றலைக் கூட்டும் ‘ரீமேப்’ முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டர்போ எஞ்சினில் வித்தியாசம் உண்மையாகவே தெரியும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில் கொடுத்த பணத்துக்குத் தக்க பலன் இராது. எதில் செய்தாலும் கூடுதல் முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் சுமக்க வேண்டியிருக்க, வாரன்ட்டி மட்டும் கைவிட்டுப் போகும்.

மூன்றாவது வகைக் குறை வண்டியின் உடலிலேயே இருப்பது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களின் ஆரம்பநிலை வேரியன்ட்டுகளை மோதவிட்டுச் சோதித்தபோது, ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. அச்சோதனையில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகிய இரண்டின் உடற்கூடு உறுதியாக நின்றதால் ஏர்பேக் இருந்தால் பயன் கிடைக்கும் நிலை இருந்தது. இரண்டு ஏர்பேக்குகளுடன் சோதிக்கப்பட்ட போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆல்டோ 800, நானோ, ஐ10 ஆகிய மூன்றின் கூடு நொறுங்கிய விதத்தைப் பார்த்தவர்கள், அவற்றில் ஏர்பேக் வைத்தாலும் உயிர்காக்கப் போதாது என்றே கருதினார்கள். இந்தியாவின் சொந்த மதிப்பீட்டு முறையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு முன்பயணியின் ஏர்பேக் 2022 தொடக்கத்திலும் கட்டாயமாயின என்பதால், அவற்றுக்கு முற்பட்ட கார்களில் ஏர்பேக்கே இல்லாதவை பல உண்டு. ஏர்பேக்கையோ, வழுக்கும் சக்கரத்தைத் தனியே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் இ.எஸ்.சி. அமைப்பையோ, மோதலின் விசையைத் தாங்கும் எஃகுக் கூட்டையோ எந்தக் கடையிலும் வாங்கி மாட்ட முடியாது. மாட்ட முடிந்த பொருள்களோ சில சமயம் இருக்கிற பாதுகாப்பையும் கெடுக்கின்றன: முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்பு, நொறுங்கி விசையை உள்வாங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அடியை நேரே சட்டகத்துக்குக் கடத்திவிடுகிறது, இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காருக்குச் சாதாரண உறை தைத்துப் போட்டால் அந்த ஏர்பேக் விரியும் வழி அடைபடுகிறது.

ஆகவே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத பழைய காரில் அலாய்க்கும் ஸ்பீக்கருக்கும் செலவிடுவதைவிட அந்தக் காரை மாற்றுவதே சரி. இடம் போதாமை, ஆட்டோமேட்டிக் கியர் தேவைப்படும் முழங்கால் வலி ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

மாறுவது என்று முடிவான பிறகு பணக்கணக்குக்கு வரலாம். பழைய வண்டியில் சேர்த்த பொருள்களுக்கு விற்பனையில் மதிப்பு கிடைப்பதில்லை. கம்பெனி நிலையில் இருக்கும் வண்டியையே வாங்குபவர் விரும்புவதால், கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. புதிய காரின் விலையில் வரியின் பங்கு பெரிது. நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1,500 சி.சி. வரையிலான டீசல் கார்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த எல்லையைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியோ 2023 நவம்பரில் திருத்தப்பட்டபடி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று உயர்கிறது. இந்த விகிதம் முழு விலைக்கும் பொருந்துவதால், 9.90 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,28,700 ரூபாயாக இருக்கும் வரி, 10.10 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாயாகிறது. இருபதாயிரம் கூடுதல் விலையுள்ள வேரியன்ட் ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரியைக் கையோடு கூட்டிவருகிறது. மேலே உள்ள வேரியன்ட்டில் கூடுதலாகக் கிடைப்பது தொடுதிரையும் அலாயும் மட்டுமென்றால் கீழ் வேரியன்ட்டை வாங்கி அவற்றை வெளியே பொருத்திக்கொள்வது அறிவுடைமை. ஏர்பேக் எண்ணிக்கை கூடுகிறதென்றால் வரியைக் கொடுத்துவிடலாம். கடனைப் பொறுத்தவரை, 6 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாயும் மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும்.

இரண்டு மூன்று ஆண்டு ஓடிய மேல்ரகக் காரை வாங்குவது, பழையதை மெருகேற்றுவதற்கும் புதியது வாங்குவதற்கும் இடையில் உள்ள நல்ல வழி. ஆயுட்கால வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டதால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியில் அந்தச் சுமை இல்லை. மதிப்பு வேகமாக இறங்கும் தொடக்க ஆண்டுகளும் அவர் கணக்கிலேயே கழிந்திருக்கும். பழைய காருக்கான கடன் வட்டி சற்றுக் கூடுதலாக இருப்பது இதன் குறை.

பழைய வண்டியைக் கைமாற்றும்போது இரண்டு காரியங்களை மறக்கலாகாது. காப்பீட்டில் இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ், ஐந்தாண்டு முடிவில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடியாக உயர்கிறது. அது காருக்கு உரியது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது உரிமையாளருக்கு உரியது என்பதால், விற்றதற்கான சான்றைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் பெற்றுப் புதிய காரின் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது பெயர் மாற்றம். 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. பலமுறை கைமாறிய ஒரு கார் ஏற்படுத்திய விபத்தில், ஆர்.சி.யில் பெயர் மாறாதிருந்த பழைய உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவர் பெயரில் ஆர்.சி. மாறிவிட்டதைப் பரிவாகன் தளத்தில் தாமே பார்த்து உறுதிசெய்துகொள்ளும் வரை விற்பனை முடிந்ததாக எவரும் கருத வேண்டாம்.