வீட்டுப் பட்டறை – 7: ஒரு மேசை போதாது

சென்ற வாரம் கார் ஷெட்டின் தரையையும் மின்சார இணைப்பையும் முடித்தோம். இனி மேசை. வீட்டில் பட்டறை வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “எட்டுக்கு நாலு பிளைவுட்டை அப்படியே மேலே போட்டு, ஒரே பெரிய மேசையாகச் செய்துவிடலாமா?” என்பதுதான். வேண்டாம். பெரிய மேசை ஒன்றைவிடச் சின்ன மேசைகள் மூன்று உங்களுக்கு நன்றாக உழைக்கும்.

இடம் இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக்கு நாலு மேசை 32 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். சுவரோரம் அதைப் போட்டால், முன்னால் நிற்பவரின் கை வசதியாக எட்டுவது இரண்டடி. குனிந்து எட்டினால் இரண்டரை. அதற்கு அப்பால் உள்ள ஒன்றரை அடியில் வேலை நடக்காது. பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, அறுந்த ஒயர், என்றாவது உதவும் என்று எடுத்துவைத்த பழைய ஃபேன் மோட்டார் எல்லாம் அங்கே குடியேறிவிடும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் அந்த மூலை வெறுமையாக இருக்கும்.

அந்த இடத்தில் ஆறுக்கு இரண்டு அளவில் மரவேலை மேசை போட்டால் 12 சதுர அடி. இரண்டரைக்கு ஒன்றரையில் இரும்பு வேலைக்கு ஒரு வைஸ் மேசை, 4 சதுர அடிகூட வராது. நாலுக்கு இரண்டில் சால்டரிங், சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகளுக்கு ஒரு மேசை, 8 சதுர அடி. மூன்றும் சேர்ந்து 24 சதுர அடிக்குள் அடங்கிவிடுகின்றன. மேசையில் கை எட்டாத இடமே இல்லை.

ஆனால், மேசைகளைப் பிரிக்கச் சொல்வதற்கு இட மிச்சம் முக்கியக் காரணம் அல்ல. உயரம்தான் முக்கியம்.

நம் வீட்டுச் சமையலறையில் அரிவாள்மனை தரையில் இருந்தது, அடுப்பு மேடை இடுப்பளவில் இருந்தது. தேங்காய் துருவ ஓர் உயரம், தோசை திருப்ப ஓர் உயரம். பட்டறையிலும் அப்படித்தான். இழைப்புளி தள்ளும்போது உடம்பின் எடை தோளிலிருந்து கைவழியாகக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மேசை தாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரி இதை ஒரே வரியில் சொன்னார்: “மேசை ஒசந்துட்டா இழைப்புளி தள்ளாதுங்க தம்பி, தடவும்.” நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டை மடக்கி உள்ளங்கையைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். உள்ளங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் மரவேலை மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு இது ஏறத்தாழ 31 முதல் 33 அங்குலம் வரும்.

இரும்பில் அரம் போடுவது வேறு வகை வேலை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார்கள்: வைஸுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி முஷ்டியைத் தாடைக்குக் கீழே வை, முழங்கை வைஸின் வாயைத் தொட்டால் உயரம் சரி. அதே ஐந்தரை அடி ஆளுக்கு இது 41 அங்குலத்தை ஒட்டி வரும். அந்த உயரத்தில் முன்கை தரைக்கு இணையாகப் போய்வரும். அரமும் மட்டமாக ஓடும். வைஸ் தாழ்ந்திருந்தால் அரம் தள்ளும்போது முன்முனையும் இழுக்கும்போது பின்முனையும் தாழும். இரும்புத் துண்டின் இரண்டு ஓரங்களும் தேய்ந்து, நடு மட்டும் மேடாக நிற்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்த மேட்டின் இரு பக்கமும் வெளிச்சம் கசியும். அரம் போட்டவருக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பல நேரம் குறை மேசையில்தான் இருக்கும்.

ஆக, மரத்துக்கு வேலை நடக்கும் மட்டம் 32 அங்குலம், இரும்புக்கு 41. ஒன்பது அங்குல வித்தியாசம். வைஸே ஆறேழு அங்குலம் உயரம் என்பதால், வைஸ் மேசையின் பலகை 34, 35 அங்குலத்தில் வந்து நிற்கும். டேப் வைத்து அளந்தால் இரண்டு மேசைகளும் ஏறக்குறைய ஒரே உயரம்தானே என்று தோன்றும். பலகையை அளக்காதீர்கள், கை வேலை செய்யும் இடத்தை அளந்து பாருங்கள்.

சால்டரிங் உட்கார்ந்து செய்கிற வேலை. 29, 30 அங்குலச் சாதாரண மேசை போதும். அலமாரி, பெட்டி போன்றவற்றை ஒன்றுசேர்க்க 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இல்லாவிட்டால் மேல் பலகைக்கு ஸ்க்ரூ போட ஸ்டூல் தேட வேண்டியிருக்கும். இதற்குத் தனி மேசை வேண்டாம். இரண்டு தாழ்வான ஸ்டாண்டுகள், அவற்றின்மேல் ஒரு பிளைவுட் பலகை. வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிடலாம்.

அடுத்த காரணம் தூள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இது உயரத்துக்குச் சமமான விஷயம்.

தெரிந்தவர் ஒருவர் வேங்கைப் பலகையில் பூஜை அலமாரி செய்தார். பொறுமையாக இழைத்து, எமரி தேய்த்து, தண்ணீர் கலந்த பாலிஷை முதல் கோட் அடித்தார். மறுநாள் காலையில் பலகை முழுக்க ஊசிமுனை அளவில் கருநீலப் புள்ளிகள். துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மறுபடி தேய்த்தார், ஆழத்தில் இறங்கிய புள்ளிகள் அப்படியே நின்றன. முந்தின வாரம் அதே மேசையில் ஜன்னல் கிரில்லுக்குக் கம்பி அறுத்து கிரைண்டர் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் மேசையில் தங்கி, பலகையில் ஒட்டிக்கொண்டது. மரத்தின் துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு பிறக்கும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இதே வழியில்தான்: கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத்தோடு ஊறவைத்த இரும்பு நீரால் வரைகிறார்கள். காலத்துக்கும் அழியாத அந்தக் கறுப்பைப் பூஜை அலமாரியில் யாரும் விரும்புவதில்லை. வேங்கை, கருவேலம் போலத் துவர்ப்பு மிகுந்த மரங்களில் ஆபத்து அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரமே போதும், பாலிஷ்கூட வேண்டாம்.

அதனால் பிரஷ்கூடத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மேசையைப் பெருக்கிய பிரஷ் மர மேசைக்கு வரக் கூடாது. ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், பென்சில், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று. விலை அதிகம் இல்லாத சாமான்கள்தான். டிரில்லும் கிளாம்ப்பும் பொதுவாக இருக்கலாம்.

இரும்புத்தூள் கறை, பொறி நெருப்பு. ஆங்கிள் கிரைண்டர் பொறியை வெகுதூரம் வீசும். மரத்தூள் குவியலுக்குள் விழுந்த பொறி உடனே பற்ற வேண்டும் என்பதில்லை. உள்ளுக்குள் கனன்று, நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போன பிறகும் எரியத் தொடங்கலாம். ஒரே மேசையில் இரண்டு வேலையும் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிக்குப் பொறியே தேவையில்லை. சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

இடம் ஒதுக்கும் முறை இதிலிருந்தே தெரியும். நம் ஊர்க் கார் ஷெட்டுகள் பலவும் பத்துக்குப் பதினெட்டு அடி. வைஸ் மேசை ஷட்டர் பக்கம், பொறி வெளியே பறக்கும்படி. மர மேசை நடுவே, நீளச் சுவரோரம். இரண்டு முனைகளிலும் நீளப் பலகை நீட்டிக்கொண்டிருக்க இடம் விட்டு. சால்டரிங் மேசை வீட்டுக்குள் போகும் கதவை ஒட்டிய உள்மூலையில். முடிந்தால் அது ஷெட்டுக்கே வேண்டாம், படிக்கட்டுக்கு அடியிலோ வராந்தாவிலோ ஒரு மூலை போதும். சால்டரில் ஈயம் உண்டு, அதனால் சாப்பாட்டு மேசை மட்டும் கூடாது.

வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடதுபக்கமிருந்து வரட்டும். குறிபோட்ட கோட்டின்மேல் கையின் நிழல் விழாது. முழு பிளைவுட் ஷீட்டை வீட்டில் அறுக்க வேண்டாம். எட்டடி ஷீட்டை ரம்பத்தில் தள்ள, முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் வேண்டும். பல பிளைவுட் கடைகளில் அளவு கொடுத்தால் அறுத்தே தருகிறார்கள்.

“ஆசாரிகளுக்கு மேசையே கிடையாதே, தரையில் உட்கார்ந்துதானே தேர் செய்தார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தரையில் அமர்ந்த தச்சருக்குக் காலே வைஸ். குதிகாலால் பலகையை அழுத்தி, கால் கட்டைவிரலால் முனையைப் பிடித்து, உளியை உடம்பை நோக்கி வராமல் திருப்பும் அந்த லாகவத்தை இரும்பு வைஸ் தராது. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்பவர்களைப் பாருங்கள். குடத்தைத் தரையில் உருட்டி உருட்டி, ஒவ்வொரு கோணத்திலும் உளி வைப்பார்கள். உருண்டையான பொருளுக்கு உயரமான மேசை இடைஞ்சல்தான். ஆனால் அது சிறுவயதிலிருந்து பழகிய உடம்பு, ஒரே தொழிலில் தேர்ந்த கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு இழைத்து, மத்தியானம் கேட் கொண்டி ராவி, சாயங்காலம் மிக்சி ஒயர் மாற்றுகிற நமக்கு மூன்று மேசை வேண்டும். தரைவேலைக்கும் ஒரு பாய் விரிக்கும் இடத்தை விட்டுவையுங்கள். உளிவேலைக்கு நானும் தரையில்தான் உட்காருகிறேன்.

மர மேசைக்கு வேண்டியது கனம். பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ 1769 முதல் வெளியிட்ட தச்சுக்கலைப் பெருநூலில் ஒரு மேசை வரைந்திருக்கிறார். பலகை மட்டுமே ஐந்தாறு அங்குலக் கனம். கால்களின் முன்முகம் பலகையின் முன்விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் அகலப் பலகையைச் செங்குத்தாக நிறுத்திக் காலோடு சேர்த்து கிளாம்ப் போட முடியும். இன்றும் அதைப் பார்த்து உலகெங்கும் மேசை செய்கிறார்கள். அந்தக் கனத்தில் தேக்கு வாங்க நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஃபெவிகால் வைத்து ஒட்டி, விளிம்பில் வேம்போ பூவரசோ அடித்தால் போதும். ஷெட்டில் சாரல் அடிக்குமானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டாக வாங்குங்கள். கால்களுக்கு, இடித்த வீடுகளின் பழைய உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள். ஆணிகளை மட்டும் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிடுங்கள். கீழ்த்தட்டில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கினால், இழைக்கும்போது மேசை நகராது. கால்களுக்கடியில் கருங்கல் துண்டு வைத்தால் கரையான் ஏறுவது உடனே கண்ணில் படும்.

வைஸ் மேசைக்கு எம்.எஸ். ஆங்கிளில் சட்டம் அடித்து, ஆங்கர் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்குங்கள். வைஸ் ஒரு காலுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். அதன் நகராத வாய், மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்போதுதான் நீளக் கம்பியைச் செங்குத்தாகக் கவ்வும்போது கீழே மேசை தடுக்காது.

ஷெட்டே இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு வழி உண்டு. லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், ஒரு நல்ல நாற்காலியைத் தாங்கலாக வைத்து மரம் அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதன்பின் அவர் உருவாக்கியதுதான் வொர்க்மேட் என்ற மடக்கு மேசை. மேல் பலகை இரண்டாகப் பிளந்திருக்கும். கைப்பிடியைத் திருகினால் அந்த இரண்டுமே வைஸ்போலக் கவ்விக்கொள்ளும். கம்பெனிகள் முதலில் அதை வேண்டாம் என்றன. 1973 முதல் பிளாக் அண்ட் டெக்கர் தயாரித்து, கோடிக்கணக்கில் விற்றது. அறுக்க, துளையிட அது நல்ல துணை. இழைக்க மட்டும் உதவாது, எடை போதாது.

எதை முதலில் செய்வது? இரண்டு தாழ்வான ஸ்டாண்டுகளை. அவற்றைத் தரையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். அவற்றின்மேல் வைத்து மர மேசையைச் செய்யலாம். மர மேசையில் மற்றதெல்லாம் பிறக்கும். மர மேசையின் கால்களைக் கணக்கிட்ட உயரத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுவையுங்கள். சில நாள் அதில் இழைத்துப் பாருங்கள். தோள்பட்டை வலித்தால் மேசை உயரம். அரை அங்குலம் அறுத்துவிட்டு மறுபடி இழையுங்கள். இடுப்பு வலிக்கத் தொடங்குவதற்குள் நிறுத்திவிடுங்கள். அறுத்த காலை நீட்ட முடியாது.

(அடுத்த வாரம்: வைஸ் வாங்கும்போது எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?)