கேமராவுக்குக் கடன் வேண்டாம், ஜன்னலைத் திறங்க



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது எங்களிடம் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: "மேடம், நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும், உள்கடன்ல எடுக்கலாமா?" கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஊறுகாய், பனை ஓலைக் கூடை, சேலை என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர்கள் ஒரு வகை. கோலம், திருவிழா, பேரப்பிள்ளை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினர் மட்டும் குரலைத் தாழ்த்திக் கூச்சத்தோடு கேட்கிறார்கள். வீட்டுக்காரர் சீட்டு விளையாடக் கூச்சப்படுவதில்லை, நாம் படம் எடுக்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அப்பேர்ப்பட்டவருக்கு 2011-ல் பத்ம விபூஷண் விருது கொடுத்தார்கள். ஆகவே ஆசையை விட வேண்டாம். ஆனால் கடன் விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்க.

கணக்கைப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, குறையும் அசலுக்குத்தான் வட்டி, 24 மாதத் தவணை என்றே வைப்போம். வட்டி மட்டும் 5,000 ரூபாய் ஆகிறது. மொத்தம் 45,000. அதற்கு மேல் மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை என்று ஒவ்வொன்றாக வரும். இவ்வளவு செலவழித்து வாங்கிய கேமராவை இரவு எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே வைத்து எடுத்தால், படம் அழுது வடியும். அதே பொருளைக் கையில் இருக்கும் பழைய செல்போனால் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரத்தில் எடுத்துப் பாருங்க, பளிச்சென்று வரும்.

காரணம் இதுதான். கேமராவுக்கு உணவு வெளிச்சம். வெளிச்சம் போதாவிட்டால் போன் இரண்டு வேலை செய்யும். ஒன்று, கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். இல்லையென்றால், கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையே பெருக்கிக் காட்டும். அப்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ரவை தூவினது போல் இருக்கும். போனில் இருக்கும் லென்ஸும் அதன் பின்னால் உள்ள சில்லும் மிகச் சிறியவை என்பதால் இந்தக் குறை அதில் சீக்கிரம் தெரிகிறது. நல்ல வெளிச்சம் கொடுத்துவிட்டால் சின்ன போனுக்கும் பெரிய கேமராவுக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்துவிடும்.

அதனால் முதலில் வீட்டிலேயே நல்ல ஜன்னலைத் தேடுங்க. நேர் வெயில் உள்ளே அடிக்காத ஜன்னல் வேண்டும். வெயில் அடித்தால் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் திரைபோல் கட்டிவிடுங்க; கூசுகிற வெளிச்சம் பால் போல் பரவி விழும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு ஸ்டூல். அதன் மேல் பொருள். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அல்ல. அப்போதுதான் கூடையின் பின்னலும் துணியின் நெசவும் கண்ணுக்குத் தெரியும்.

பொருளின் மறுபக்கம் நிழல் விழுமே? அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்க. டிவி வந்த பெட்டியில் இருந்ததே போதும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை இளக்கிவிடும். அட்டையைக் கிட்டே கொண்டுவாங்க, தள்ளிக் கொண்டுபோங்க. நிழல் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று பாருங்க. இந்த விளையாட்டை அரைமணி நேரம் விளையாடினால் பல பாடம் தானாகவே விளங்கும்.

பின்னணிக்கு ஒரு வெள்ளை சார்ட் பேப்பர். மேல் ஓரத்தைச் சுவரில் ஒட்டி, கீழ்ப்பகுதியை மடிக்காமல் வளைவாக ஸ்டூல் மேல் இறக்குங்க. மூலைக் கோடு தெரியாது. சார்ட், தெர்மாகோல், ஒட்டும் டேப் எல்லாம் கடையில் வாங்கினாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது.

ஒன்றை மறக்காதீங்க. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது டியூப் லைட்டையும் பல்பையும் அணைத்துவிடுங்க. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு ஒரு நிறம். நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், கேமரா குழம்பிவிடும். ஒரு குழுவில் அரக்கு நிறச் சேலையை இரவில் மஞ்சள் பல்பில் எடுத்து அனுப்பினார்கள். வாங்கியவர் "படத்துல பார்த்த கலர் வேற" என்று திருப்பிவிட்டார். போக வர இரண்டு கூரியர் செலவும் அந்தச் சகோதரி தலையில். சேலை விற்பவர்கள் கூடவே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒரு படம் எடுங்க. படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறத்தையும் நம்பலாம். அழகுபடுத்தும் பில்டரெல்லாம் சேலைக்கு வேண்டவே வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடிப் பாட்டிலும் கொஞ்சம் படுத்தும். பாத்திரத்தில் உங்கள் முகமும் போனும் சேர்ந்து தெரியும். நேருக்கு நேர் எடுக்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்க. பாத்திரத்தின் இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட் துண்டு வைத்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஊறுகாய் பாட்டிலுக்கு வெளிச்சம் சற்றுப் பின்பக்கத்திலிருந்து வந்தால் எண்ணெய் மினுமினுக்கும். லேபிள் இருட்டாகிவிடாமல் முன்னால் தெர்மாகோலைப் பிடிக்கணும். லேபிளில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த தேதியும் படிக்கிற மாதிரி தனியாக ஒரு படம் எடுத்து வையுங்க. வாங்குகிறவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

இனி போனைப் பற்றி. சமையல் முடித்த கையோடு போனை எடுக்கிறோம், லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்கிறது. பனி மூட்டம் போல் படம் வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பழைய மெல்லிய பருத்தித் துணியால் துடைங்க; ஜரிகை முந்தானையால் வேண்டாம். பிறகு திரையில் பொருளின் மேல் ஒரு தட்டு. போன் அங்கே குறிபார்க்கும். பெரும்பாலான போன்களில் அப்போது ஒரு சின்ன சூரியன் வரும், அதை மேலே கீழே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைக் கூடுமானவரை விடுங்க. பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், விவரம் கூடாது. முகங்களை மட்டும் ரொம்பக் கிட்டே போய் எடுக்காதீங்க, மூக்கு பெரிதாகிவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று எடுங்க. கை நடுங்கினால் போனை அரிசிப் பை மேல் சாய்த்து 2 விநாடி டைமர் வைங்க. டிரைபாட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொழுதுபோக்காக எடுக்கிற சகோதரிகளுக்குக் கோலம் நல்ல பள்ளிக்கூடம். தினமும் வாசலில் புதுசாக ஒன்று, செலவில்லை. சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் சாய்வாக விழும்போது எடுத்தால் மாவின் திட்டு ஒவ்வொன்றும் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாகிவிடும். முழுக் கோலமும் வேண்டுமென்றால் ஸ்டூல் மேல் ஏறி நேர் மேலிருந்து எடுங்க. ஸ்டூலை யாராவது பிடிச்சுக்கணும், நம் நிழல் கோலத்தில் விழாமலும் பார்த்துக்கணும். குழந்தைகளை எடுக்க நாம் தரையில் உட்கார வேண்டும், அவர்கள் கண் மட்டத்துக்கு இறங்கினால் படமே மாறிவிடும். திருவிழா இரவில் பிளாஷை நம்பாதீங்க, அது சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். கடை விளக்குப் பக்கம் ஆளை நிறுத்துவது மேல்.

கடைக்காரர் 108, 200 என்று மெகாபிக்சல் கணக்கு சொல்லி மயக்குவார். ஸ்டுடியோவில் 4-க்கு 6 அங்குலப் பிரிண்ட் போட இரண்டேகால் மெகாபிக்சலே போதும். ஏ4 அளவுக்கு ஒன்பது போதும். மற்றொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பிரிண்டுக்கும் நோட்டீசுக்கும் அனுப்புவதை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்க.

படத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்க. பாஸ் புத்தகம், ஆதார் அட்டை, போன் எண் எழுதிய காலண்டர் எதுவும் தெரியக்கூடாது. உறுப்பினர் படத்தைப் போடுமுன் அவரிடம் கேட்டுவிடணும். உடனடிக் கடன் தருகிறோம் என்று சொல்லி உங்கள் படத் தொகுப்பைப் பார்க்க அனுமதி கேட்கும் ஆப்களுக்கு அனுமதி கொடுக்காதீங்க. அந்தப் படங்களை மாற்றி மிரட்டிப் பணம் பறித்த கும்பல்கள் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வருடம் போனிலேயே எடுத்து, இன்னும் ஆசை குறையவில்லை என்றால் கேமரா வாங்கலாம். சேமிப்பிலிருந்து வாங்குங்க, பழையதாக வாங்குங்க. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்க; உள்ளே சிலந்தி வலை மாதிரி கோடு இருந்தால் பூஞ்சை, வேண்டாம். எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு கேமராவுக்குள் இருக்கும், வண்டியின் கிலோமீட்டர் மாதிரி. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. கல்யாணம், காதுகுத்து என்று ஆர்டர் கையில் வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. அது தொழில் கடன், வரவு செலவு எழுதிக் குழுவில் பேசி முடிவு செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே பொருளை இரவு டியூப் லைட்டில் ஒன்று, காலை ஜன்னல் ஓரம் ஒன்று என இரண்டு படம் எடுத்து வாங்க. எந்தப் போன் என்று சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.