நிறமும் பெயரும்: தானியங்கி வாயிற்கதவின் மின்னிணைப்பு

ராவாங் ஈயச் சுரங்கத்தில் 1894இல் மின்னாக்கியை நிறுவிய இருவருள் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. இந்நாட்டு மின்சார வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் நிற்கிறார். ஆயினும் மின்சாரத்தைத் தமிழில் விளக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. ராவாங்கிற்கு வடக்கே, 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவரும் தஞ்சோங் மாலிமில், புதிய குடியிருப்புகளின் வாயில்களில் இன்று 'ஆட்டோகேட்' இயங்குகிறது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கதவை அசைக்கும் மோட்டார் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட்டில் இயங்குவது. ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வீட்டிலிருந்து செல்வது 230 வோல்ட். மழையில் நனையும் இரும்புக் கதவின் அருகே அது இருப்பதனால், இணைப்பிற் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடாகும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'லைவ்' என்பதை உயிர்க்கம்பி என்றும், 'நியூட்ரல்' என்பதை நொதுமற் கம்பி என்றும் வழங்குகின்றன. நொதுமல் என்பது பகையும் நட்பும் அல்லாத அயன்மை. இவை காரணப்பெயர்கள், கேட்டவுடன் தன்மை விளங்கும். கம்பியின் நிறமோ இடுகுறி. மரபை அறிந்தவர்க்கே பொருள் தரும்.

இங்குத்தான் இடர் தோன்றுகிறது. நம் நாட்டு வீடுகளின் நிலையான கம்பியமைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் உயிர்க்கம்பிகள், கறுப்பு நொதுமல். கருவியோடு வரும் வளைகம்பியிலோ பழுப்பே உயிர்க்கம்பி, நீலம் நொதுமல். பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், இரண்டிலும் நிலத்தொடர்பைக் குறிக்கும். எனவே நீலம் என்பது பலபொருள் ஒருசொல். அத்தகைய சொல்லின் பொருளைச் சார்பு நோக்கித் தெளிக என்பது தொல்காப்பிய நெறி.

மும்முனை மின்சாரம் பெறும் வீட்டில், சுவரின் நீலக் கம்பியைக் கருவியின் நீலக் கம்பியோடு ஒருவர் இணைத்துவிட்டார் எனக் கொள்வோம். கறுப்பும் பழுப்பும் எஞ்சி, அவையும் இணையும். கதவு வழக்கம்போலவே திறக்கும், பிழை வெளிப்படாது. ஆனால் பெட்டியின் சுவிட்சும் ஃபியூஸும் இப்போது நொதுமற் கம்பியில் அமைந்துவிடுகின்றன. சுவிட்சை அணைத்த பின்னரும், ஃபியூஸ் எரிந்த பின்னரும், உள்ளே மின்னழுத்தம் நிற்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பெட்டியைத் திறப்பவர் கை அதனைத் தீண்டும்.

ஆதலின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மல்ட்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே பெட்டியைத் தொடுதல் வேண்டும். கதவின் இரும்புச் சட்டம் நிலத்தொடர்பு பெறுதல் வேண்டும். 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் இன்றியமையாதது. 230 வோல்ட் கம்பியும் குறைவழுத்தக் கம்பிகளும் ஒரே குழாயிற் செல்லலாகாது. இப்பணி தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனுக்கு உரியது. வீட்டாரின் கடமை அதனை அவரிடம் ஒப்படைப்பதே.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இரு மரபுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி மாணவர்க்குக் காட்டுக. 'நீலம் எது?' என்று வினவுக. 'எந்த நீலம்?' என்று மாணவர் திருப்பிக் கேட்பாராயின் பாடம் நிறைவேறியது.