பெரிய ஓடுபாதையில் சின்ன விமானம்

ஆண்டுக்கு இரண்டு நாள் திருவனந்தபுரம் விமான நிலையம் சாமிக்கு வழி விடுகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் திருவிழா நிறையும்போது, ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அது போகும் வழி ஓடுபாதையின் குறுக்கே இருக்கிறது. விமானம் என்ற ஒன்று இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே இருந்த வழி அது. அந்த நாட்களில் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு எந்த விமானமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும்.

மற்ற நாட்களில் இருப்பது ஒரே ஓடுபாதை, நீளம் ஏறக்குறைய 3,400 மீட்டர். வளைகுடாவுக்குப் போகும் ஜெட் விமானங்கள், உள்நாட்டு விமானங்கள், படை விமானங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியின் செஸ்னா பயிற்சி விமானங்களுக்கும் அதுவேதான். இந்த வரிசையில் கடைசி இடம் செஸ்னாவுக்கு.

இத்தனைக்கும் இந்த இடத்தை விமான நிலையம் ஆக்கியதே சின்ன விமானங்கள்தான். 1932இல், பின்னர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்த கோதவர்ம ராஜாவின் முயற்சியில் இங்கே பறக்கும் சங்கம் பிறந்தது. ஜி.வி. ராஜா என்று கேரளம் இன்றும் நினைவில் வைத்திருப்பவர் அவர். தாமே விமானம் ஓட்டியவர். 1935 அக்டோபர் 29 அன்று டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம், மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தோடு பம்பாயிலிருந்து வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் அஞ்சல் பைகளோடு அது திரும்பிப் போனது. மரச்சட்டத்தில் துணி போர்த்திய அந்த இருதள விமானம், ஆளும் சரக்கும் ஏற்றிய பிறகும் ஒரு டன்னைத் தாண்டாது. இன்று அது வந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரம் அதையும் ஓரமாக வட்டமடித்துக் காத்திருக்கச் சொல்லும்.

அப்படிச் சொல்வதைப் பாரபட்சம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் கணக்கு அப்படி.

இறங்க வரும் ஏர்பஸ் ஏ320 மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். செஸ்னா 172 வருவது 120 கிலோமீட்டரில். கடைசிப் பத்து கிலோமீட்டரைக் கடக்க ஜெட்டுக்கு இரண்டரை நிமிடம் போதும், செஸ்னாவுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். ஜெட் கொஞ்சம் மெதுவாக வரலாமே என்று தோன்றும். முடியாது. இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். அறுபது டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்று செஸ்னாவின் வேகத்துக்கு இறங்கி வந்தால், அது பறக்காது, விழும். ஆகவே முன்னால் செஸ்னா போகிறதென்றால் பின்னால் வரும் ஜெட்டை வெகு தொலைவிலேயே தள்ளி நிறுத்த வேண்டும். அந்த ஒரு செஸ்னாவுக்காகத் திறந்துவிட்ட இடைவெளியில் இரண்டு மூன்று ஜெட்கள் இறங்கியிருக்கலாம்.

வரிசையை மாற்றி ஜெட்டை முன்னே விட்டால் வேறொரு தொல்லை, அதுவும் கண்ணுக்குத் தெரியாதது. இறக்கையின் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேலே ஏற முயன்று சுருண்டுகொள்கிறது. இப்படி இரண்டு நுனியிலிருந்தும் இரண்டு சுழல்கள் கிடைமட்டமாகப் படுத்த சூறாவளி போல விமானத்தின் பின்னால் நீள்கின்றன. விமானம் எவ்வளவு கனமாகவும் மெதுவாகவும் போகிறதோ அவ்வளவு வலிமை அவற்றுக்கு. அவை நிமிடத்துக்கு 90 முதல் 150 மீட்டர் வரை கீழிறங்கும். தரையை நெருங்கியதும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகும். அதில் சிக்கும் சின்ன விமானம் தலைகீழாகவே புரண்டுவிடக்கூடும். ஓடுபாதைக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் அப்படிப் புரண்டால் மீள்வதற்கு உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

திருவனந்தபுரத்தில் ஓடுபாதை கரைக்கு இணையாகக் கிடக்கிறது. கடல் கூப்பிடு தூரம். கடற்காற்று பக்கவாட்டிலிருந்து வீசும்போது, விலகிப் போக வேண்டிய சுழல்களில் ஒன்றை அது ஓடுபாதையின் மேலேயே பிடித்து நிறுத்திவிடலாம். அதற்கு நான்கைந்து நாட் வேகமுள்ள மென்காற்று போதும். கடற்கரையில் உட்கார்ந்து நாம் சுகமாக வாங்கும் அதே காற்று. இதனால்தான் உலக விதிகள் 7,000 கிலோவும் அதற்குக் கீழும் உள்ள விமானங்களை 'லைட்' என்று தனியே பிரித்து, நடுத்தர ஜெட் ஒன்றின் பின்னால் அவை இறங்க மூன்று நிமிட இடைவெளி கேட்கின்றன. செஸ்னா 172இன் முழு எடையே 1,111 கிலோதான்.

இப்போது பயிற்சி விமானத்தில் காத்திருக்கும் பிள்ளையின் பக்கம் வருவோம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியின் உயிர்நாடி 'சர்க்யூட்': ஏறி, ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, இறங்கி, உடனே மறுபடி ஏறுவது. வெறிச்சோடிய களத்தில் ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்து முறை இறங்கிப் பழகலாம். நெரிசலான நிலையத்தில் 'அங்கேயே வட்டமடி' என்ற குரல் வரும். ஜெட் இறங்கும், இன்னொன்று கிளம்பும். பயிற்சிக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு, வட்டமடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். கற்றுக்கொள்ள வந்தது இறங்குவதை, கற்றது காத்திருப்பதை. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

சின்ன விமானங்களை வேறு களத்துக்கு மாற்றுவது சரியான தீர்வு. ஆனால் எங்கே?

பெரிய நிலையத்துக்குப் பக்கத்திலேயே என்றால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையைப் பார்க்கலாம். 1928இல் திறந்த ஜுஹு, சாந்தாகுருஸ் பெரிய நிலையமான பிறகு சின்ன விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் என்று ஆனது. இரண்டும் மிக நெருக்கம். 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட், சாந்தாகுருஸ் என்று எண்ணி ஜுஹுவின் குட்டி ஓடுபாதையில் இறங்கி, எல்லையைத் தாண்டி ஓடிச் சிதைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பாம்பே பறக்கும் சங்கம் இப்போது பயிற்சியை நடத்துவது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள துலேயில்.

மலைக்குப் போகலாம் என்றால், கேரளத்துக்குச் சத்திரம் இருக்கிறது. வண்டிப்பெரியாறிலிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். அங்கே என்.சி.சி. மாணவர்களுக்காக 650 மீட்டரில் ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். 2022 ஏப்ரலில் இறங்க முயன்ற விமானம் எதிரே நின்ற குன்றால் திரும்பிப் போனது. அதே ஆண்டு மழையில் ஓடுதளத்தின் ஓரம் சரிந்தது. டிசம்பர் 1 அன்றுதான் வைரஸ் எஸ்டபிள்யூ 80 என்ற மைக்ரோலைட் முதன்முதலில் அங்கே இறங்கியது. செஸ்னா 152 கடல் மட்டத்திலேயே 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி எழ 410 மீட்டர் வேண்டும். மலையில் காற்று மெலிந்திருக்கும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் தீனி குறையும். தேவைப்படும் தூரம் நீளும். தேர்ந்த விமானிக்கு அது நல்ல களம். முதல்முறை தனியே பறக்கும் பிள்ளையை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது.

மலைக்குக் கிழக்கே பார்த்தால், திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் 130 கிலோமீட்டர் அளவில் கோவில்பட்டி இருக்கிறது. அங்குள்ள பழைய ஓடுதளத்தில் பறக்கும் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழ்நாட்டின் டிட்கோ நிறுவனம் முயன்றுவருகிறது. தட்டையான கரிசல் பூமி. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுகிறது. கண்பார்வையை நம்பிப் பறக்கும் பயிற்சிக்கு ஐந்து கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். கேரளத்தின் ஆனி, ஆடி மழையில் அது பல நாள் வாய்க்காது. ஆனால் ஆடிக்கு இங்கேயும் ஒரு குணம் உண்டு. கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? பக்கக்காற்று 12 நாட்டைத் தாண்டினால் செஸ்னா 152க்குச் சோதனைதான். எனவே பயிற்சியை விடிகாலைக்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

மாநில எல்லையைத் தாண்டி ஓர் அரசு அகாடமி நகர்வது எளிதல்ல என்று தெரியும். கேரளத்துக்குள்ளேயே சமதளத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே ஆனாலும், பெரிய நிலையத்தின் கதவைச் சாத்துவதற்கு முன் அங்கே விமானக் கொட்டகை, பழுது பார்க்கும் பொறியாளர், தீயணைப்பு வண்டி, காற்றளக்கும் கருவி எல்லாம் வந்திருக்க வேண்டும். எரிபொருளும் வேறு: பழைய செஸ்னாக்கள் குடிப்பது ஜெட் எரிபொருளை அல்ல, ஏவ்கேஸ் என்ற தனிப் பெட்ரோலை. அது இல்லாத களத்தில் விமானம் காட்சிப் பொருளாகிவிடும்.

அந்தப் பிள்ளை ஒருநாள் திருவனந்தபுரம் திரும்புவான், அல்லது திரும்புவாள். உரிமத்துக்கு 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்றும், வழியில் இரண்டு வேற்று நிலையங்களில் இறங்குவதும் கட்டாயம். அன்று கோபுரத்திடம் முன்பே நேரம் வாங்கியிருப்பார்கள். ஜெட்கள் குறைந்த காலை வேளையில் கடல் பக்கமாக வந்து, 3,400 மீட்டர் பாதையில் முதல் சில நூறு மீட்டரிலேயே நின்று, வேகமாக ஓரம் விலகிவிடுவார்கள்.