கணினித் திரை துடிப்பது ஏன்?

மாத்திரை என்னும் கால அளவைத் தமிழாசிரியர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது என்று தொல்காப்பியர் அதற்கு அளவு வகுத்தார். ஓர் இமைப்பைக் கால் நொடி என்று கொண்டால், அதற்குள் கணினித் திரை 15 முறை தன் படத்தைப் புதுப்பித்துவிடுகிறது. அதாவது நொடிக்கு 60 முறை. இவ்விரைவில் தனித்தனிப் படங்களைக் கண் பிரித்தறியாது, ஒன்றாகவே காணும். ஆயினும் ஒளி மிகுந்தால் கண்ணின் கூர்மையும் மிகும். நேரே நோக்குவோர்க்குத் தெரியாத துடிப்பு கடைக்கண்ணுக்குத் தெரிவதும் உண்டு.

பழைய குழாய்த்திரைகளில் இத்தொல்லை மிகுதி. மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படம் வரைய, வரைந்த ஒளி உடனுக்குடன் மங்கும். வேகத்தை 75 அல்லது 85 ஆக உயர்த்தினால் பெரும்பாலும் துடிப்பு அடங்கிவிடும். அடங்காமல் படம் நீரலைபோல் நெளிந்தால், காரணம் கணினிக்கு வெளியே இருக்கலாம். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. திரை 60 முறை வரைய, அருகிலுள்ள மின்விசிறியோ மின்மாற்றியோ 50 முறை காந்தத்தால் இழுத்தால், வேற்றுமையாகிய 10 முறை படம் ஆடும். அமெரிக்காவில் மின்சாரமும் 60 சுற்றே ஆகையால் அங்கே இந்நெளிவு அவ்வளவாகத் தெரியாது. மின்விசிறியை இரண்டு முழம் தள்ளி வைத்ததும் நின்றுவிடுகிற நோய்க்குத் திரையையே மாற்றியவர்கள் உண்டு!

இன்றைய தட்டைத்திரையைக் காந்தம் அசைக்காது. ஆனால் அதன் பின்னொளி துடிக்கலாம். வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில திரைகள் விளக்கை மங்கச் செய்வதில்லை. விரைந்து விரைந்து அணைத்து ஏற்றுகின்றன. வெண்மையான பக்கமொன்றைத் திறந்து, அதற்கு முன்னால் பென்சிலை விரைவாக ஆட்டினால் உண்மை விளங்கும். பென்சில் மங்கலாகப் பரவித் தெரிந்தால் ஒளி நிலையானது; பல பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் ஒளி துடிக்கிறது. அப்போது வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தெமியாங் வட்டாரப் பள்ளியாயினும் தோட்டப்புறப் பள்ளியாயினும், பழுதுபார்ப்பவரை அழைக்குமுன் ஆசிரியரே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. திரையின் பொத்தானை அழுத்தினால் திரை தன் சொந்தப் பட்டியலைக் காட்டும். அப்பட்டியலும் துடித்தால் குறை திரையில் அல்லது அதற்கு வரும் மின்சாரத்தில் உள்ளது. பட்டியல் நிலைத்து நிற்க, பின்னுள்ள படம் மட்டும் துடித்தால் கம்பியையோ கணினியையோ ஐயுற வேண்டும். முதலில் கம்பியின் இரு முனைகளையும் கழற்றி இறுகச் செருகுக. பின்பும் துடித்தால், விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துக. வரும் டாஸ்க் மேனேஜர் பலகை நிலையாக இருந்து மற்றவை துடித்தால், திறந்துள்ள செயலி ஏதோ ஒன்றே குற்றவாளி. பலகையும் துடித்தால் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

திரைப்பெட்டியை மட்டும் திறத்தலாகாது. குழாய்த்திரையில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிரைக் குடிக்கவல்ல மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இது கண்ணெரிச்சலோடு முடியும் செய்தியுமன்று. 1997 டிசம்பர் 16 அன்று சப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமோன்' சித்திரத் தொடரில், சிவப்பும் நீலமும் நொடிக்குப் 12 முறை அளவில் மாறி மாறி மின்னின. ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிறுவர். ஒளித்துடிப்பால் வலிப்பு காணும் இயல்புடையோர் மிகச் சிலரே. எனினும் அவ்வியல்பு தனக்குள்ளதை முதல் வலிப்பு வரும்வரை அறியாத குழந்தைகளும் உண்டு. ஆகவே கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கும் திரை, பழுது தீரும்வரை மாணவர்முன் அணைந்தே கிடக்கட்டும். அந்த இடத்து மாணவரை அடுத்த கணினியில் இருவராக அமர்த்திக்கொள்ளலாம்.